ஒன்பது ரன் பிரபு

எங்கள் மாமா கண்ணாயிரத்துக்குக் கிரிக்கெட் ஆட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு யாரும் வந்து ஏன் மறைத்தாய் என்று என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷம் அவர்தான் எங்கள் டீமுக்குக் கேப்டன், அவர்தான் முதல் ஆளாகப் பேட்டோடு இறங்குகிறவர். 2008 முடிய அவர் அடித்த அதிகபட்ச ஸ்கோர் எட்டு. ஸ்கோர் நோட்டு எழுதியவன் நான். அதில் ஒரே ஒரு இடத்தைத் தவிர எங்கேயும் பொய் கிடையாது. அந்த ஒரு இடத்தைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மாமா என்றால் என் அக்காள் மங்கலத்தைக் கட்டியவர். வீடு கடலூர் செம்மண்டலத்தில். திருப்பாதிரிப்புலியூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை. கரண்டு மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் முதலில் அவரைத்தான் தேடுவார்கள். அந்த வேலையில் அவர் கை பொய் சொன்னதே இல்லை. அதே கையில் பேட்டைக் கொடுத்தால் என்ன ஆகுமோ தெரியாது, பந்து ஒரு பக்கம், பேட் ஒரு பக்கம்.

பிறகு எப்படிக் கேப்டன் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கிட் யாருடையதோ அவர்தான் கேப்டன். 1987-இல் அக்காள் ஒரு பீரோ கேட்டாள். வாங்கி வருகிறேன் என்று சென்னைக்குப் பஸ் ஏறிய மாமா, பச்சைக் கான்வாஸ் பையோடு இறங்கினார். இரண்டு பேட், நாலு ஜோடி பேட்டிங் கால்காப்பு, கையுறைகள், ஆறு ஸ்டம்ப், பின்னாலேயே லாரி சர்வீஸில் பிட்ச்மேல் விரிக்கிற ஒரு கயிற்று மேட். அக்காள் இன்றுவரை பட்டுப்புடவையை டிரங்குப் பெட்டியில்தான் வைக்கிறாள், அந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கிரிக்கெட்டைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு வசவு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மாமா மேட்டைச் சுருட்டி மொபெட்டில் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவார். நாங்கள் ஆடி அசைந்து ஏழு மணிக்குப் போனால் மேட் விரித்து, இழுத்து, சுற்றிலும் முளையடித்து, தண்ணீர்க் கேன் வைத்து எல்லாம் தயாராக இருக்கும். அவரையும் சேர்த்து. காலில் காப்புப் பேடைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்பார். மூன்றாவது பந்தில் ஸ்டம்ப் பறக்கும். வந்து மரத்தடியில் உட்கார்ந்து, "பால் கொஞ்சம் நின்னு வந்துச்சு மச்சான்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

என் எரிச்சலுக்குத் தனியாகவும் ஒரு காரணம் உண்டு. பதினொரு பேரில் எனக்கு இடம் இல்லை. "சொந்தக்காரனுக்கு எடம் குடுத்தா ஊரு என்னா பேசும் எழிலா? நீ நோட்டு எழுது" என்று சொல்லிவிட்டார். பதினாலு வயதில் பிடித்த பேனா. முப்பத்தாறு வயதிலும் விடவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். எங்கள் மேட்சுகளில் தனியாக அம்பயர் கிடையாது. பேட் செய்கிற டீமில் சும்மா இருக்கிற இரண்டு பேர் போய் நிற்பார்கள். ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் மறித்தால் எல்.பி.டபிள்யூ, அவுட். மற்றவர்களுக்கு அதைக் கொடுப்பதில் ஆயிரம் சண்டை வரும், எப்படியும் நாலில் ஒன்று கொடுத்துவிடுவோம். மாமாவுக்கு மட்டும் யாரும் கொடுத்ததில்லை. கோபித்துக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் மேட்சே இல்லை பாருங்கள். ஒரு தடவை பொன்னுரங்கம் கையைப் பாதி தூக்கிவிட்டான். மாமாவின் கண் கிட் பை பக்கம் போனது. தூக்கிய கையால் காதைச் சொறிந்துகொண்டு, "நாட் அவுட்" என்றான். பொன்னுரங்கம் பஸ் கண்டக்டர். எங்கள் டீமில் உண்மையிலேயே ரன் அடிக்கத் தெரிந்தவன்.

2004-இல்தான் துரை வந்தார். செத்து நூற்று முப்பத்தாறு வருஷம் கழித்து வந்தார்.

எங்கள் சுழல்பந்துக்காரர் சார்லஸுக்கு முதுநகர்ப் பக்கம் ஒரு பழைய வெள்ளைக்காரக் கல்லறைத் தோட்டத்தில் காவல் வேலை. முள்ளு வெட்டும்போது ஒரு கல்லறை தட்டுப்பட்டது. கல்லில் சிலுவைக்குக் கீழே ஒரு பேட்டும் மூன்று ஸ்டம்பும் செதுக்கியிருந்தது. சார்லஸ் எழுத்துக்கூட்டிப் படித்தார். அயர்லாந்து தேசத்துக் கில்ராஸ் பிரபுவின் மகன், லார்ட் பெர்சிவல், ஊர் பார்க்க வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு 1868-இல் முப்பத்தொரு வயதில் கடலூரில் காலமானார், கிரிக்கெட் ஆட்டத்தை உயிருக்குயிராய் நேசித்தவர். செய்தி போன அரை மணியில் மாமா மொபெட்டில் வந்து இறங்கிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் அந்தக் கல் பேட்டைத் தடவிப் பார்த்தார். மறுநாள் மேட்சுக்கு வாங்கி வைத்திருந்த புதுப் பந்தைக் கல்லறைமேல் வைத்துக் கும்பிட்டார்.

மறுநாள் ஜெயித்தோம். எதிர் டீமில் நாலு பேருக்கு முந்தின நாள் கல்யாண வீட்டுப் பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் மைதானத்தில் நின்ற நேரத்தைவிட வேலிக்குப் பின்னால் இருந்த நேரம் ஜாஸ்தி. மாமா அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. துரை ஜெயிக்க வைத்தார் என்று முடித்துவிட்டார்.

அன்று முதல் சனிக்கிழமை சாயங்காலமானால் கல்லறைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. மாமா தேங்காய் உடைக்கிறேன் என்றார். சார்லஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "கேப்டன், அவரு கத்தோலிக்கா, புராட்டஸ்டன்டான்னு தெரியல. ஆனா தேங்காய்க்கு ரெண்டு பேருமே ஒத்துக்க மாட்டாங்க" என்றார். கடைசியில் கோலி சோடா என்று முடிவானது. சோடாவை உடைத்துக் கல்லின் காலடியில் ஊற்றுவார் மாமா. ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து ஓரத்தில் வைப்பார். துரை குடித்தது போக மிச்சத்தைச் சார்லஸ் குடிப்பார். ஜெயித்தால் துரையின் அருள், தோற்றால் டாஸ் சரியில்லை. இப்படியே நாலு வருஷம் ஓடியது. நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். துரை வருவதற்கு முன்னால் எத்தனை தோற்றோமோ, வந்த பிறகும் அத்தனைதான். சொன்னால் அடிக்க வருவார், சொல்லவில்லை.

2008 மார்கழியில் சார்லஸின் தங்கை மகள் சிந்துஜா லீவுக்கு வந்தாள். சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படிக்கிற பெண், வாய் நீளம். சார்லஸிடம் கல்லறையில் இருந்த பேரைக் கேட்டுவிட்டு, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து துரையின் ஜாதகத்தையே இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். சனிக்கிழமை கல்லறை முன்னால் டீமே கூடி நின்றது. மாமா சோடாவை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மொத்தம் மூணு மேட்ச் ஆடிருக்காரு அங்கிள்" என்றாள். "அஞ்சு இன்னிங்ஸ். ஏழு ரன்."

"ஏழு நூறா?" என்றார் மாமா.

"இல்ல அங்கிள். ஏழு. ஹையஸ்ட் நாலு. மூணு தடவ டக்."

அவள் பாட்டுக்குப் படித்தாள். ஆடிய மைதானம் அவர் அப்பா கோட்டையின் முன்வாசல். பேட்டும் பந்தும் அவருடையவை. டீமில் பாதிப் பேர் அவர்கள் பண்ணை ஆட்கள். அதனால் எப்போதும் அவர்தான் முதலில் இறங்குவார். தேர்தலில் ஒரு தடவை நின்றார், அதிலும் தோற்றார். குதிரையிலிருந்து இரண்டு தடவை விழுந்தார்.

"இன்னொண்ணு பாத்தீங்களா, ஒரு தடவகூட எல்.பி.டபிள்யூ கெடையாது. அஞ்சும் கிளீன் போல்டு. ஊரே அவங்க அப்பாவோடது, எந்த அம்பயர் கைய தூக்குவான்?"

முதலில் சிரித்தவன் பொன்னுரங்கம். அப்புறம் ஒவ்வொருத்தராக மாமாவைப் பார்த்தார்கள், துரையின் கல்லைப் பார்த்தார்கள், மறுபடி மாமாவைப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கவே இல்லை. சார்லஸ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டே சிரித்தார். நானும்தான் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

மாமா சோடாவை உடைத்தார். வழக்கம்போல ஊற்றினார். "சிரிங்கடா" என்றார். "செஞ்சுரி அடிச்சவன்கிட்டப் போயி எனக்குப் பத்து ரன்னு குடுன்னு கேட்டா மொறைப்பான். முட்ட வாங்குனவனுக்குத்தான் பத்து ரன்னோட அரும தெரியும். இத்தினி நாளு தெரியாமயே சரியான ஆளத்தான் புடிச்சிருக்கேன்."

பொன்னுரங்கம் விடவில்லை. பல நாள் மனசில் வைத்திருந்தது அன்று வெளியே வந்தது. "மாமா, காணும் பொங்கலுக்குச் சிதம்பரத்துல மேட்ச். வைத்திலிங்கம் டீமு. அஞ்சு வருஷமா அவனுங்ககிட்ட தோக்குறோம். உங்களுக்கும் அம்பது ஆவப்போவுது. கௌரவத் தலைவரா இருங்க, மாலை போடுறோம். கிட்டுப் பைய எங்ககிட்ட குடுத்துடுங்க."

மாமா சிகரெட்டைக் கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சிதம்பரத்துல நான் மொதல்ல எறங்குறேன். பத்து ரன்னு அடிக்கல, கிட்டு உன்னுது, மேட்டு உன்னுது, கேப்டன் நீ. நான் மைதானத்துப் பக்கமே வர மாட்டேன். அடிச்சிட்டேன்னா அப்புறம் எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

பேச்சு முடிந்தது. திரும்பி வரும் வழியில் பொன்னுரங்கம் என் தோளில் கை போட்டான். "மச்சான், மாமா போயிட்டாருன்னா ஒரு எடம் காலியாவுது. ஆறாவது எறங்குறியா?" என்றான். இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒருத்தன் கேட்கிறான்.

காணும் பொங்கலன்று வேனில் சிதம்பரம் போனோம், மேட் வேன் தலையில். டாஸ் ஜெயித்து நாங்கள் முதலில் பேட். மாமா பேடைக் கட்டிக்கொண்டு இறங்கினார். பொன்னுரங்கம் ஐந்தாவது ஆள் என்பதால் அம்பயராகப் போய் நின்றான். நான் ஓரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே நோட்டோடு உட்கார்ந்தேன்.

வைத்திலிங்கம் முட்டை மண்டி வைத்திருக்கிறவன், வேகமாகப் போடுவான். முதல் பந்து பேட்டின் மேல் விளிம்பில் பட்டு விக்கெட் கீப்பர் தலைக்கு மேலே போய் நாலு. மாமாவுக்கே ஆச்சரியம். அப்புறம் ஒரு இரண்டு. ஒரு ஒன்று. அடுத்த ஓவரில் மறுபடி இரண்டு, அது அடித்த இரண்டு, சத்தியமாக நடு பேட்டில் பட்டது. ஒன்பது. வாழ்நாளில் அவர் பார்க்காத எண். எங்கள் ஆட்கள் கைதட்ட மறந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு ரன் எடுத்தால் இந்த மனிதர் சாகும்வரை கேப்டன்.

அடுத்த பந்து உள்ளே திரும்பியது. மாமா குனிந்து தட்டினார். பேட்டின் அடி விளிம்பில் பட்டு, காலை ஒட்டிப் பின்பக்கமாக ஓடியது. ஓடி ஒரு ரன் எடுத்தார்கள். பேட்டில் பட்டால் டொக் என்று கேட்கும், பேடில் பட்டால் தப் என்று கேட்கும். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிறேன். அன்று கேட்டது டொக்.

பொன்னுரங்கம் ஒரு காலைத் தூக்கினான். முட்டியைக் கையால் தட்டினான். லெக் பை. அதாவது ரன் டீமுக்குச் சேரும், மாமாவுக்குச் சேராது.

எதிர் முனையில் மாமா பேட்டைப் பாதி தூக்கினார். பொன்னுரங்கம் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, பேட்டைக் கீழே இறக்கிவிட்டார். பொன்னுரங்கம் என் பக்கம் திரும்பி, பார்த்தேன் என்று நான் கை தூக்கிக் காட்டுவதற்காகக் காத்திருந்தான். நான் எழுந்து கத்தியிருக்கலாம். ஆறாவது இடம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கையைத் தூக்கினேன். லெக் பை என்று எழுதினேன். பாவி.

அடுத்த ஓவரில் நடு ஸ்டம்ப் பறந்தது. கண்ணாயிரம், போல்டு, ஒன்பது.

மேட்ச் ஜெயித்தோம். பொன்னுரங்கம் அறுபத்து மூன்று அடித்தான். வேனில் ஒரே பாட்டு. செம்மண்டலத்தில் இறங்கியதும் மாமா பச்சைப் பையை அவன் கையில் கொடுத்தார். "முளையடிக்கிற சுத்தியலோட புடி ஆடும், பாத்து" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் நாலு ஞாயிறு. புதுக் கேப்டன் எட்டு மணிக்கு வந்தான், மேட் எட்டேமுக்காலுக்கு வந்தது. தலைகீழாக விரித்தார்கள். முளை நிற்கவில்லை. பந்து கோணல்மாணலாக எகிறி இரண்டு பேருக்கு உதடு கிழிந்தது. ஆறாவதாக இறங்கி நான் எடுத்த ரன்கள்: பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். துரையே பரவாயில்லை.

வீட்டில் மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் மிக்ஸியைக் கழற்றிக் காயில் கட்டினார். அடுத்தடுத்த வாரங்களில் ஃபேன்களைக் கழற்றினார். நாலாவது வாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரில் கை வைத்ததும் அக்காள் எனக்குச் சொல்லி அனுப்பினாள்.

"இந்த ஆள எங்கயாவது கூட்டிக்கிட்டுப் போடா. வூட்டுல ஒரு சாமான் மிஞ்சாது" என்றாள். பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "நீ ஏன் அவரு மூஞ்சியப் பாக்கவே மாட்டேன்ற? என்னா பண்ண?"

சொல்லிவிட்டேன். அக்காள் கரண்டியைக் கீழே வைத்தாள். பீரோவைத் தின்ற அந்தக் கிரிக்கெட்டை இருபத்திரண்டு வருஷமாகத் திட்டியவள் சொன்னாள், "அந்த மனுசன் ஒரு ரன்னுக்கு எவ்ளோ நாளு அலைஞ்சாரு. நோட்ட எடுத்துக்கினு போயி நீயே சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

சனிக்கிழமை சாயங்காலம் மாமா எங்கே இருப்பார் என்று தெரியும். இனிமேல் வர மாட்டேன் என்றது மைதானத்தைத்தான், துரையை இல்லை. தனியாக நின்று சோடா ஊற்றிக்கொண்டிருந்தார். நான் நோட்டைப் பிரித்தேன், பேனாவை எடுத்தேன்.

"மாமா, அது பேட்டுல பட்டுச்சு."

"எனக்குத் தெரியாதா? பேட்டு என் கையிலதான இருந்துச்சு."

"அப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

மாமா கல்லறை ஓரத்தில் உட்கார்ந்தார். "மச்சான், இத்தினி வருஷத்துல எனக்கு ஒரு தடவ எல்.பி. குடுத்திருக்கானுங்களா?"

"இல்ல."

"நியாயமா எத்தன தடவ குடுத்திருக்கணும்?"

"நூறு தடவ."

"அவ்ளோ ஜாஸ்தியா?"

"கொறச்சுத்தான் சொல்றேன் மாமா."

சிரித்தார். "அன்னிக்கி அவன் காதச் சொறிஞ்சான் பாரு, நான் பையப் பாக்கலடா. தண்ணிக் கேனப் பாத்தேன். தாகம். எவனும் நம்ப மாட்டான். நான் அடிச்சதுல எது என் ரன்னு, எது கிட்டுப் பையோட ரன்னுன்னு எனக்கே தெரியாது. சிதம்பரத்துல அவன் முட்டியத் தட்டுனான் பாரு, அப்பதான் தெரிஞ்சுது. என்ன வெளிய அனுப்பணும்னா ஏமாத்தித்தான் அனுப்பணும்ன்ற அளவுக்கு அடிச்சிருக்கேன். ரன்னு அடிக்காதவன எவன்டா மெனக்கெட்டு ஏமாத்துவான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்பு என்று வாயால் கேட்க வரவில்லை, "மாத்தி எழுதிடவா மாமா?" என்றேன்.

"மாத்துனே, கைய ஒடச்சிடுவேன். லெக் பை. அப்பிடியே இருக்கட்டும்."

வீட்டுக்குப் போகும் வழியில் பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டு, நாளைக்கு நான் ஆட வரவில்லை, நோட்டு மட்டும்தான் எழுதுவேன் என்றேன். மறுநாள் விடிந்ததும் அவன் மாமா வீட்டு வாசலில் நின்றான். அக்காள் உள்ளே கூப்பிடவில்லை. அங்கேயே நின்று தலையைச் சொறிந்தான்.

"மாமா, மேட்டு நிக்க மாட்டேங்குது. இன்னிக்கி நாமளே ரெண்டாப் பிரிஞ்சு ஆடுறோம். ஒரு ஆளு வேற கொறையுது."

"கேப்டன் நீதான?"

"ஆமா மாமா."

"நான் எத்தினாவது எறங்கணும்?"

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தான். "கடைசி."

"இரு. சட்ட போட்டுக்கினு வர்றேன்."

மாமா கை பட்டதில் மேட் அன்று கல்யாணப் பந்தலில் விரித்த ஜமுக்காளம்போலச் சுருக்கமில்லாமல் கிடந்தது. மாமா கடைசி ஆளாக இறங்கினார். சார்லஸ் பந்து போட்டார், பொன்னுரங்கம் அம்பயர். இரண்டாவது பந்து சுழன்று உள்ளே வந்து நேராக முழங்காலுக்குக் கீழே பட்டது. தப். சார்லஸ் அவுட் கேட்டுத் திரும்பினார், கேட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் அவரே வாயை மூடிக்கொண்டார். பொன்னுரங்கம் கிட் பையைப் பார்த்தான். பை இப்போது அவனுடையது. மெதுவாக, பாதியில் நிற்காமல், விரல் மேலே போனது.

மாமா ஒரு நிமிஷம் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேராக என்னிடம் நடந்து வந்தார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் மாமா."

"காட்டு."

நோட்டைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாயிரம், எல்.பி.டபிள்யூ, பூஜ்யம். காயில் கட்டிக் காய்த்துப்போன விரலை அந்த வரியின்மேல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"துரைக்குக்கூட இது கெடைக்கல மச்சான்" என்றார். பேடைக் கழற்றாமலே சுத்தியலை எடுத்துக்கொண்டு, மேட்டின் மூலையில் ஒரு முளை ஆடிக்கொண்டிருந்த பக்கம் போனார்.